பதினொன்றாவதற்கு முன்

நேரு பிளேஸில் ஆகஸ்டு.
பென் டிரைவ் விற்கும் பையன்கள்
மழைக்குப் பாலித்தீன் விரித்து
அதற்கடியில் குந்தியபடியே கூவிக்கொண்டிருந்தார்கள்.

கடிக்கும் என்று தெரிந்த நாயைப் போல
லேப்டாப்பைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு வந்தார் லக்கன்பால்.
லாஜ்பத் நகரில் பள்ளிச் சீருடைக் கடை.
"தினம் காலையில் தானாக ஒன்று திறக்கிறது.
பூச்சி பூச்சியாய் எழுத்து.
மூடினால் போகும், மறுநாள் வரும்.
இன்றைக்கு மூடியாகிவிட்டது, இனி நாளைக்குத்தான்.
வைரஸ்."

பழைய மெஷின்.
ஏதோ கம்பெனி இழுத்து மூடியபோது
மொத்தமாக எடுத்த நாற்பதில் ஒன்று.
துடைக்காமலே விற்றிருக்கிறார்கள்.

மவுஸ் ஓடவில்லை. எனக்கு வேண்டியும் இருக்கவில்லை.
மவுஸை நம்பிப் போகிறவர்கள்
சி டிரைவில் இறங்கி
புரோகிராம் டேட்டாவைக் காணோமே என்று திகைத்து,
அது ஒளித்துவைத்த அறை,
மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஸ்டார்ட் மெனு என
கரோல் பாக் சந்துகளில் வண்டியைத் திருப்பிக்கொண்டிருப்பார்கள்.
நான் விண்டோஸ் விசையோடு ஆர்.
மூலையில் சின்னதாய் ஒரு பெட்டி எழும்.
ஷெல் என்று அடித்து முக்காற்புள்ளி வைப்பேன்.
இருப்பது இரண்டு புள்ளி, பெயர் முக்கால்,
அந்தக் கணக்கு இன்றுவரை புரியவில்லை.

ஷெல் என் காதில்
செல் என்றேதான் விழும்.
செல்: எழுத்துருக்கள்.
செல்: அண்மையில் தொட்டவை.
செல்: இதை யாருக்கெல்லாம் அனுப்பலாமோ அங்கே.
போய் நிற்கும், ஏன் என்று கேட்காது.
பதினோரு வருஷத் தில்லியில்
ஒரு ஆட்டோகூட எனக்கு அப்படிப் போனதில்லை.

செல்: ஸ்டார்ட்அப்.
காலி.
லக்கன்பால் என்னைப் பார்த்தார், பிறகு
எதிர்க்கடை ஷானவாஸைப் பார்த்தார்.

இன்னொரு வழி இருக்கிறது, ஒரு சொல் கூடுதல்.
காமன் ஸ்டார்ட்அப்.
யார் வந்தாலும், எந்தப் பெயரில் நுழைந்தாலும்
அவர்களுக்கு முன்னால் எழுந்து நிற்கிறவை
அங்கேதான் இருக்கும்.

ஒரே ஒரு நோட்பேட் கோப்பு. பெயர், காலை.
கடைசியாக மாற்றியது ஒன்பது ஐம்பத்திரண்டுக்கு.
என்டர் தட்டினேன்.
பூச்சிகளெல்லாம் தமிழாயின.

கூலருக்குத் தண்ணி ஊத்து
சசிரேகாவுக்குப் பதில் போடு, நாலு நாளாச்சு
பத்து மணிக்கு முன்னாடி யார் மேலயும் கத்தாதே
டப்பாவைக் கழுவி வை

தனக்கென்று எழுதியிருந்தால்
தன் கோப்புறையிலேயே போட்டிருக்கலாம்.
மேலாளருக்கா, பக்கத்து இருக்கைக்கா,
அந்த ஒன்பது ஐம்பத்திரண்டில் யார் கத்தினார்கள்,
எந்த முக்காற்புள்ளியும் அங்கே கொண்டுபோய் விடாது.

"என்ன மொழி?"
"என்னுடையது."
வரி வரியாய் இந்தியில் சொன்னேன்.
கூலருக்குத் தலையாட்டினார்.
சசிரேகா யாரென்று கேட்டார், தெரியாது என்றேன்.
மூன்றாவதை மறுபடி சொல்லச் சொன்னார்.

மழை சற்று விட்டது. பையன்கள் பாலித்தீனை உதறினார்கள்.

"அந்த ஒன்றை மட்டும் இந்தியில் போடு.
என் மகனும் இதில்தான் கணக்கு எழுதுகிறான்.
அவனுக்கும் வருமா?"
"யார் திறந்தாலும் வரும்."
கொஞ்சம் யோசித்தார்.
"பத்து வேண்டாம். பதினொன்று என்று போடு."

போட்டேன்.
பழையதை டெலீட் செய்தேன், ஷிஃப்டை அழுத்தவில்லை.
செல்: குப்பைத் தொட்டி.
உள்ளே அது தனியாகக் கிடந்தது.
காலி செய்யவா என்று
நானும் கேட்கவில்லை, அவரும் பார்க்கவில்லை.

"முந்நூறு."
"முந்நூறா! நாலு எழுத்து அடித்ததற்கு"
என்று தொடங்கிய குரல்
மாடிப்படி வரைக்கும் போய்
சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துத் திரும்பி வந்தது.
பத்து நாற்பது.

இருநூற்றைம்பது, மிக மெதுவாகச் சொன்னார்.